தாடை மட்டும் ஆடட்டும்

எக்ஸ்ரே அறையில் ஒரு நாளை ஓட்ட மூன்று வாக்கியங்கள் போதும். ‘பேசாம படுங்க.’ ‘மூச்சை இழுத்துப் பிடிங்க.’ ‘விட்டுடலாம்.’ அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். இயற்பியலில் பட்டம் வாங்கி, அதற்கு மேல் இரண்டு வருடம் இந்தப் படிப்பையும் முடித்தவள்தான். ஆனால் நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்று வாக்கியங்களை மட்டும் தடங்கலில்லாமல் சொல்வாள். அதனால் மருத்துவமனையில் அவளுக்கு ‘மூச்சு’ என்று பெயர். வேறெதற்கும் மூச்சு விடாதவள் என்றும் அதற்கு அர்த்தம் சொல்வார்கள். இரண்டும் சரிதான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அன்று பதினோரு மணிக்குக் கழுத்துப் பட்டையோடு ஒருவர் வந்தார். சலூன் வைத்திருப்பவர். ஐம்பது வயதிருக்கும். பட்டை மோவாயைத் தாங்கிப் பிடித்திருந்ததால் எல்லோரையும் மூக்கு வழியாகப் பார்ப்பது போலப் பார்த்தார். கூடவே அவர் மனைவி, கையில் பழைய படங்கள் இருந்த பெரிய உறையுடன்.

“எப்படி அடிபட்டுச்சு?” என்று கேட்டாள். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது.

“கண்ணாடி மேல இருக்கிற பல்பு போயிடுச்சும்மா. மாத்தலாம்னு நாற்காலி மேல ஏறினேன்.”

“எந்த நாற்காலின்னு சொல்லுங்க” என்றார் மனைவி.

“கடை நாற்காலிதான்.”

“சுத்துற நாற்காலிம்மா. முப்பது வருஷமா அதைச் சுத்தி விட்டுத்தான் எங்க பொழைப்பே ஓடுது. அது சுத்தும்னு இவருக்கு மட்டும் தெரியல.”

விழுந்து எட்டு நாளாகியிருந்தது. பக்கவாட்டில் எடுத்த படம் நன்றாகவே இருந்தது. கழுத்தின் ஏழு எலும்புகளும் வரிசை தவறாமல் நின்றன. ஆனால் எலும்பு மருத்துவருக்கு, அவற்றில் மேலே இருக்கும் இரண்டின் மீது ஒரு சந்தேகம். தலையின் அடியில் மட்டும் வலி போகவில்லை என்று சலூன்காரர் சொல்லியிருந்தார். அந்த இரண்டையும் முன்பக்கத்திலிருந்து, வாய் வழியாக எடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது.

“இந்தப் படம் சரியா வந்தா இன்னைக்கே பட்டையைக் கழட்டிடறேன்னு டாக்டர் சொல்லிட்டாரு” என்றார் மனைவி. “வரலைன்னா நகரத்துக்குப் போய் ஸ்கேன் எடுக்கணுமாம். அங்க மூணு வாரம் காத்திருக்கணுமாம். அதுவரைக்கும் இதோடதான் இருக்கணும்.”

“பட்டையோட இருந்தா குனிய முடியாதும்மா” என்றார் அவர். “குனியாம எவன் தலையை நான் வெட்டறது? ஊர்ல பாதி ஆம்பளைங்க தலை புதராயிடுச்சு. நேத்து ஒருத்தர் வீட்டு ஜன்னல்ல எட்டிப் பார்க்கறாரு. நான் உயிரோட இருக்கேனான்னு பார்க்கல. தலையைத் தடவிக்கிட்டே போறாரு.”

“டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிடுவாராம்” என்று மனைவி சேர்த்துக்கொண்டார். குரலில் கிண்டல் இல்லை இப்போது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து.

கழுத்தின் முதல் எலும்பு ஒரு வளையம். இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை கிளம்பி அந்த வளையத்துக்குள் நிற்கும். ‘இல்லை’ என்று நாம் தலையை ஆட்டும்போதெல்லாம் வளையம் அந்த முளையைச் சுற்றித்தான் திரும்புகிறது. பார்க்கப் பல் மாதிரி இருப்பதால் அதற்குப் பல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நேராக முன்னாலிருந்து எடுத்தால் அந்தப் பல்லை வாயில் இருக்கும் பற்கள் மறைத்துவிடும். அதனால்தான் வாயை அகலமாகத் திறக்கச் சொல்லி, மேல்பல் வரிசையும் மண்டையோட்டின் அடிப்புறமும் ஒரே கோட்டில் வரும்படி வைத்து, அதற்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே கிடைக்கும் சின்ன இடைவெளியில் அதைப் பிடிக்க வேண்டும்.

சலூன்காரரை மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்தாள். தலைக்கு இருபுறமும் மணல் பைகளை அணைத்தாள். மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி பட்டையின் முன்பாதியை மட்டும் விலக்கினாள். கழுத்தில் விரிசல் இல்லை என்று தெரியும்வரை தலையை அசைக்கக் கூடாது. அதனால் மேலே தொங்கும் எக்ஸ்ரே குழாயைத்தான் சாய்த்தும் நிமிர்த்தியும் கோணம் பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால் துருத்தும் எலும்பின் நுனியையும் மேல்பல்லின் விளிம்பையும் கண்ணாலேயே கோடு போட்டுப் பார்த்தாள்.

“நானும் அப்படித்தாம்மா பார்ப்பேன்” என்றார் படுத்திருந்தவர்.

“எப்படி?”

“காதுல இருந்து வாயோரத்துக்கு ஒரு கோடு. ரெண்டு பக்கமும் கிருதா சமமா வரணுமே. ஆனா நான் ரெண்டு விரல் வெச்சுத் தலையைத் திருப்பிக்குவேன். நீங்க பாவம், ஆளை விட்டுட்டு மெஷினைத் திருப்பறீங்க.”

“பேசாம படுங்க, ஐயா.”

“சரிம்மா.”

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றாள். “வாயைத் திறங்க. மூச்சைப் பிடிங்க. விட்டுடலாம்.”

முதல் படத்தில் மேல்பற்கள் வரிசையாக வந்து முளையின் மேல் உட்கார்ந்திருந்தன. குழாயைக் கொஞ்சம் சாய்த்தாள். இரண்டாவது படத்தில் பற்கள் விலகிக்கொள்ள, மண்டையோட்டின் அடிப்புறம் இறங்கி வந்து அதே இடத்தை மூடிக்கொண்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோணம் பிடித்தாள். மூன்றாவது படத்தில் மேல்பற்களும் மண்டையோட்டின் அடியும் ஒரே கோட்டில் வந்தன. மனசுக்குள் ஒரு சின்னக் கைதட்டல் கேட்பதற்குள் கண்ணில் பட்டது, கீழ்த்தாடை. முளையின் குறுக்கே தடித்த வெள்ளைப் பட்டையாகக் கிடந்தது.

வெளியே வந்தாள். “இன்னும் கொஞ்சம் அகலமாத் திறக்க முடியுமா, ஐயா?”

“இவ்வளவுதாம்மா. பதினெட்டு வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்து தாடையில அடி. அப்போல இருந்து ரெண்டு விரல் உயரம்தான் திறக்கும். சாப்பிடவும் பேசவும் போதும்னு விட்டுட்டேன்.”

“சாப்பிடப் போதும்” என்றது கதவருகிலிருந்து மனைவியின் குரல். “பேசறதுக்கு இதுவே அதிகம்.”

ஒரே படத்துக்கு நாலு முறைக்கு மேல் கதிர் செலுத்தக் கூடாது என்பது அந்த அறையின் விதி. மூன்று போயிருந்தது. பன்னிரண்டு அடிக்கப் போகிறது.

பக்கத்து அறையில் சீனியர் அண்ணன் ஒரு நெஞ்சுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று படங்களையும் திரையில் கொண்டுவந்து காட்டினாள். ஒரு பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

“மோவாயைத் தூக்கி வெச்சு, கீழ இருந்து எடுத்துடேன்.”

“கழுத்து பின்னால வளையுமே, அண்ணா. முளையில விரிசல் இருந்தா?”

“அதுவும் சரிதான்.” அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “அப்போ எழுதிக் கொடுத்துடு. ஸ்கேனுக்குப் போகட்டும். அதுக்குத்தானே அது இருக்கு.”

“என்னன்னு எழுதறது?”

“வழக்கமா எழுதறதுதான். நோயாளி ஒத்துழைக்கவில்லை.”

அவள் பேனாவோடு திரும்பி வந்தாள். சீட்டில் அதற்கென்று ஒரு கோடு காலியாக இருந்தது. ‘நோயாளி’ என்று எழுதிவிட்டாள். அடுத்த சொல் வரவில்லை. மணல் பைகளுக்கு நடுவே அந்த மனிதர் அச்சில் வார்த்த மாதிரி ஒரு மணி நேரமாகக் கிடக்கிறார். முதுகு அரிக்கிறது என்று கூடச் சொல்லவில்லை. இவரையா ஒத்துழைக்கவில்லை என்பது?

“என்னம்மா, சரியா வரலையா?”

“வரல, ஐயா.”

“நான் ஏதும் அசைஞ்சுட்டேனா?”

“இல்ல. நீங்க அசையவே இல்ல.”

“அதான் பார்த்தேன். இவ்வளவு நேரம் பேசாம இருந்தது என் வாழ்க்கையிலயே இதுதாம்மா முதல் தடவை. கடைக்கு வர்றவங்களே அப்படி இருக்க மாட்டாங்க. கத்தி தொண்டையில இருக்கும். நான் இழுத்துக்கிட்டு இருப்பேன். அந்த நேரத்துலதான் மச்சான் வீட்டுச் சண்டையை ஆரம்பிப்பாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். தலை ஒரு மயிரிழை அசையாது. தாடை மட்டும் தனியா ஓடிக்கிட்டே இருக்கும்.”

அவள் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

படித்த புத்தகத்தில் ஒரு பக்கத்தின் அடியில் நாலு வரிகளில் அது இருந்தது. வகுப்பெடுத்தவர் இரண்டு நிமிடத்தில் தாண்டிப்போன பகுதி. பரீட்சைக்கு வராது என்று எல்லோரும் விட்ட பகுதி. மின்விசிறி நின்றுகொண்டிருந்தால் அதன் இறக்கை பின்னால் இருப்பதை மறைக்கும். சுற்ற விட்டால் இறக்கை கரைந்துபோய்ப் பின்னால் இருப்பது தெரியும். தாடையும் அப்படித்தான். கதிரைக் குறைத்து, நேரத்தை நீட்டி, அந்த நேரம் முழுக்கத் தாடை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் படத்தில் அது புகையாகிவிடும். அசையாமல் இருக்கும் கழுத்தெலும்பு மட்டும் நிற்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. தலை அசையக் கூடாது. தாடை நிற்கக் கூடாது.

யாரையும் கேட்காமல் செய்யக் கூடிய காரியம் அல்ல அது. சுவரில் தொலைபேசி இருந்தது. மருத்துவருக்குத் தானாக ஒருமுறையும் அவள் பேசியதில்லை. சொல்ல வேண்டியதைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு எண்ணை அழுத்தினாள்.

“ம், சொல்லுங்க.” மருத்துவர் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

“சார், எக்ஸ்ரேல இருந்து. அந்தக் கழுத்துக்காரர். வாய் திறக்கல. அதாவது, திறக்குது. ரெண்டு விரல்தான் திறக்குது. தாடையை ஆட்டச் சொல்லி, நேரத்தை நீட்டி ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமா?”

“ஆட்டச் சொல்லியா?” மெல்லுவது நின்றது. “எங்கம்மா படிச்சே இதை?”

“புத்தகத்துல, சார். கழுத்து அசையாது. தாடை மட்டும்.”

மறுமுனையில் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “பக்கவாட்டுப் படம் என்கிட்ட இருக்கு, மோசமில்ல. கை கால் எல்லாம் நல்லா வேலை செய்யுது. தாடை என்ன வேணா பண்ணட்டும். கழுத்து இம்மி நகரக் கூடாது. வலிக்குதுன்னா உடனே நிறுத்திடு.”

“சரி, சார்.”

“ஒரு மணிக்குள்ள.”

கணக்கு அவளுக்குப் பிடித்த விஷயம். மின்னோட்டத்தை எத்தனை பங்கு குறைத்தாளோ அத்தனை மடங்கு நேரத்தைக் கூட்டினாள். மொத்தத்தில் அவர் மேல் விழும் கதிர் கூடாது. மூன்று விநாடி வந்தது. ஒரு கண்சிமிட்டலில் முடியும் வேலைக்கு அது ஒரு யுகம்.

“ஐயா, இப்போ நீங்க பேசணும்.”

“என்னம்மா?”

“மூணு விநாடி. தாடை மேலயும் கீழயும் வேகமா ஆடணும். பல்லோட பல் படக் கூடாது. தலை அசையக் கூடாது. உங்க கடையில கத்திக்குக் கீழ உட்கார்ந்து பேசுவாங்கன்னு சொன்னீங்களே, அது மாதிரி.”

சலூன்காரரின் முகம் மலர்ந்தது. பேசச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டதில்லை. “என்ன பேசறது?”

அவள் அதை யோசித்திருக்கவில்லை. ‘மச்சான்’ என்றால் உதடு மூடும். ‘தாடி’ என்றால் நாக்கு பல்லில் போய் இடிக்கும். தடுப்புக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காதபடி ஒவ்வொரு சொல்லாக வாய்க்குள் ஆட்டிப் பார்த்தாள். கடைசியில் ஒன்று அகப்பட்டது. அதைச் சொல்வதற்குள் காது வரை சூடேறிவிட்டது.

“அய்யய்யய்யய்யோ.”

“என்னாச்சும்மா?”

“அதைத்தான் சொல்லணும். ‘யோ’ வரைக்கும் போக வேண்டாம். ‘அய்யய்யய்யய்’னு நிறுத்தாம.”

அவர் ஆரம்பித்தார். தாடை ஓடியது. அதோடு தலையும் இசைக்கேற்ற மாதிரி ஆட ஆரம்பித்தது. “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று ஓடினாள். கழுத்தில் வலி ஏதும் இல்லை என்றார். பழக்கதோஷம் என்றார்.

கதவை இரண்டு விரல் அளவு திறந்து மனைவி எட்டிப் பார்த்தார். “ஏங்க, இப்படி நினைச்சுக்குங்க. கத்தி தொண்டையில இருக்கு.”

“சரி.”

“அது என் கையில இருக்கு.”

அதற்குப் பிறகு அவர் தலை அசையவில்லை. மணல் பையே தேவையில்லை என்று தோன்றியது. இரண்டு முறை ஒத்திகை பார்த்தாள். தாடை தனியாகக் கழன்று ஓடுவது போல ஓடியது. இயந்திரத்திலிருந்து அவர் நெற்றியில் விழுந்த ஒளிக்கோடு இம்மியும் விலகவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் வந்தாள்.

பொத்தானுக்கு இரண்டு கட்டம். பாதி அழுத்தினால் இயந்திரம் தயாராகும். முழுக்க அழுத்தினால் கதிர் பாயும். பாதி அழுத்தினாள். உள்ளே மோட்டார் உறுமியது. வாயை ஒலிவாங்கியிடம் கொண்டுபோனாள்.

“ரெடி, ஐயா. பேசாம மூச்சைப் பிடிங்க.”

சலூன்காரர் சட்டென்று வாயை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். சொன்னதைச் செய்பவர்.

அவள் கட்டைவிரல் முழுக் கட்டத்தின் விளிம்பில் நின்றது. ஒரு நூல் அழுத்தியிருந்தால் நாலாவதும் போயிருக்கும். விரலை எடுத்தாள். மோட்டார் முனகி அடங்கியது. ஐந்நூறு பேரிடம் சொல்லிச் சொல்லி நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

“தப்பு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், ஐயா. பிடிக்க வேண்டாம். விடுங்க.”

அவர் மூச்சை விட்டார். “பேசாம பேசணுமா, பேசி பேசாம இருக்கணுமாம்மா?”

“பேசாம பேசுங்க” என்றாள். சொன்னது காதில் விழுந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினாள். பொத்தானைப் பாதி அழுத்தினாள். இந்த முறை வாய்க்குப் பழகிய எந்தச் சொல்லையும் கொடுக்காமல், அவர் சொல்ல வேண்டியதைத் தானே ஆரம்பித்துவைத்தாள். “அய்யய்யய்யய்...”

“அய்யய்யய்யய்யய்யய்யய்யய்” என்று அவர் பிடித்துக்கொண்டார்.

முழுக்க அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

நடைபாதையில் அடுத்த முறைக்காகக் கட்டைவிரல் வீங்கிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து இரண்டு குரலில் வந்த சத்தத்தைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டார்.

“உள்ள என்னம்மா பண்றாங்க?”

“படம் எடுக்கறாங்க” என்றார் சலூன்காரரின் மனைவி.

“ரெண்டு பேரும் கத்தறாங்களே?”

“பெரிய படம்.”

அவர் தன் கட்டைவிரலை ஒருமுறை மடக்கிப் பார்த்தார். பரவாயில்லை போலிருக்கிறது என்று சொல்லி, பெஞ்சின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

திரையில் படம் மேலிருந்து மெல்ல இறங்கி வந்தது. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். முதலில் மண்டையோட்டின் அடி. அதே கோட்டில் மேல்பற்கள். அதற்குக் கீழே தாடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிர்ந்த மூட்டம். ஊதினால் கலைந்துவிடும் போல இருந்தது. அந்த மூட்டத்துக்குப் பின்னால் வளையம். அதன் நடுவே நேராக, முழுதாக, விளிம்பில் எங்கும் ஒரு கீறல் இல்லாமல் முளை. இருபுறமும் இடைவெளி சமம்.

சமம்தானா என்று அளந்து பார்த்தாள். சமம்தான்.

சீனியர் அண்ணன் பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை. “இதை நீயா எடுத்தே?” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

படத்தை மருத்துவருக்கு அனுப்பினாள். சலூன்காரருக்குப் பட்டையைத் திரும்பப் பூட்டி, கைகொடுத்து எழுப்பி வெளியே உட்கார வைத்தாள். பிறகு அந்தச் சீட்டை எடுத்து, ‘நோயாளி’ என்று எழுதி நிறுத்தியிருந்த வரியை முடித்தாள். ‘நோயாளி முழுமையாக ஒத்துழைத்தார்.’ அப்படி எழுதும் வழக்கம் அங்கே இல்லை. எழுதக் கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை.

பன்னிரண்டே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது.

“என்னம்மா இது?” மருத்துவரின் குரலில் கோபமா வியப்பா என்று தெரியவில்லை. “முளை கண்ணாடி மாதிரி தெரியுது. தாடையைக் காணோமே. இந்த ஆளுக்குத் தாடை இருக்கா, இல்லையா?”

அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கட்டைவிரல்காரரிடம் சலூன்காரர் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரல்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இருக்கு, சார்” என்றாள். “வெளியில உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மறுமுனையில் மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். “அனுப்பு, அனுப்பு. பட்டையைக் கழட்டிடலாம்.”

இதை அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். பெஞ்சில் இப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சலூன்காரர் பேச்சில் இடைவெளி விடுவார் என்று வாசலில் காத்திருந்து பார்த்தாள். விடுவதாகத் தெரியவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி குறுக்கே புகுந்து சொன்னாள். “ஐயா, படம் நல்லா வந்திருக்கு. டாக்டர் கூப்பிடறாரு.”

மனைவி உறையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டுக் கணவருக்குப் பின்னால் நடந்தார்.

கட்டைவிரல்காரரை உள்ளே அழைத்து, கையை மேசையில் வைக்கச் சொல்லி, இரண்டு படம் எடுத்து அனுப்பிவிட்டாள். அடுத்த பெயரைக் கூப்பிட வெளியே வந்தபோது அவர்கள் இருவரும் மருத்துவர் அறையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பட்டை மனைவியின் தோளில் தொங்கியது. சலூன்காரரின் கழுத்து எட்டு நாள் வெயில் படாமல் வெளுத்திருந்தது. நடைபாதையின் நடுவே நின்று, முதல்முறையாக நடந்து பார்க்கும் குழந்தையின் கவனத்தோடு, மெல்ல இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். மேலே விளக்கைப் பார்த்தார். பிறகு கீழே.

கீழே பார்த்தவர் நிமிரவில்லை.

“ஏய். என் செருப்பு!”

ஒரு காலில் கறுப்பு. இன்னொரு காலில் பழுப்பு. பழுப்பு கொஞ்சம் பெரியது.

“நீதானே போட்டு விட்டே?”

“அன்னைக்கு அவசரத்துல கைக்கு வந்தது அது” என்றார் மனைவி. “அப்புறம் மாத்தி விடலாம்னுதான் இருந்தேன். நான் மாத்தறதைப் பார்க்கக் குனிவீங்களே. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? அதான் எட்டு நாளும் அப்படியே விட்டுட்டேன்.”

“எட்டு நாள்! பேங்குக்கு இதோடயா போயிட்டு வந்தேன்?”

“யாரும் பார்க்கல. எல்லாரும் உங்க கழுத்தைத்தான் பார்த்தாங்க.”

சலூன்காரர் எதுவோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் மனைவியைப் பார்த்துவிட்டு, மெதுவாக, ரசித்து, இன்னொரு முறை குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.